படம் போய்ச் சேர்ந்ததா?

திருகோணமலையில் உட்துறைமுகத்தை அண்டிய வீதியொன்றில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு, படம் பிடிப்பதைக் காட்டிலும், பிடித்த படம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் கண்ணிற் படும்படி செய்வதே பெரிய காரியமாகிவிட்டது. பேரனுக்குக் கோணேசர் கோயிலில் சோறூட்டிய கையோடு கடைக்கு வந்து, "தம்பி, மகளுக்குப் படம் போய்ச் சேர்ந்ததோ?" என்று கேட்கும் தாயாருக்கு, "அனுப்பிவிட்டேன் அம்மா" என்பது விடையாகாது.

மின்னஞ்சல் ஆதியில் எழுத்துக்கென்றே உண்டான சாதனம். 1992 மார்ச் 11ஆந் தேதி அமெரிக்காவில் நதானியேல் போரன்ஸ்டீன் என்பவர் தமது பாடற்குழுவின் படத்தை இணைத்தனுப்பிய காலந்தொட்டு இன்றுவரை, படத்தின் மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றியே அனுப்புவது வழக்கமாதலால், 20 மெகாபைட் கொண்ட படங்கள் புறப்படும்போது ஏறத்தாழ 27 ஆகிவிடுகின்றன. 25க்கு மேல் ஏற்காத அஞ்சற்பெட்டி அவற்றைத் திருப்பிவிடும். அந்த அறிவித்தலோ ஆங்கிலத்தில், 'மெயிலர் டீமன்' என்ற விநோதமான பெயரில் வருவதால், வாசியாமலே அழித்துவிடுவோர் உண்டு. அதனினும் கொடிது, யாதொரு அறிவித்தலுமின்றிப் படம் ஸ்பாம் பெட்டிக்குள் ஒதுங்கிவிடுவது.

ஆகவே, முதலில் படமில்லாத சிறு கடிதமொன்றை, இன்னாருடைய வீட்டு விசேஷப் படங்கள் வரவிருக்கின்றன என்று தலைப்பிலேயே தெரிவித்து அனுப்பி, அதற்குப் பதில் எழுதும்படி வேண்டிக்கொள்வேன். பதில் எழுதப்பட்ட முகவரியைப் பெட்டி அந்நியமாகக் கருதுவது அரிது. பிறகு நீளவாட்டில் 1600 பிக்ஸலாகக் குறைத்த பிரதிகளை நாலைந்தாகப் பிரித்து அனுப்புவேன். பழைய கைத்தொலைபேசி வைத்திருக்கும் சிநேகிதரும் அவற்றைச் சிரமமின்றித் திறப்பார். கமரா இட்ட எண்ணை நீக்கி, 'அம்மம்மாவும் பேரனும்' என்று கோப்புக்குப் பெயரிடுவதில் எனக்குத் தனிச் சிரத்தை. பல வருஷங்களுக்குப் பின் தேடுபவருக்கு அதுவே துணை.

வாட்ஸ்அப் இருக்க இவ்வளவு பிரயாசை எதற்கென்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அது சாதாரணமாகப் படத்தைச் சுருக்கியே கொண்டுபோகிறது. சுவரில் மாட்டப் பெரிதாக அச்சிடும்போது முகத்தின் நுட்பம் கெடும். அச்சுக்குரிய மூலப் பிரதிகளைக் கூகுள் டிரைவில் வைத்து இணைப்பை அனுப்புகையில், பார்க்கும் அனுமதியைத் திறந்துவிட்டோமா என்பதை வேறொரு கணக்கிலிருந்து சோதிப்பது அவசியம். பூட்டிய இணைப்பு கிடைத்தும் கிடையாததே.

பதில் வராதவர்களின் பட்டியல் மேசைமேல் இருக்கும். கோடையில் நமக்கு இரவு எட்டு மணியாகும்போது ரொறன்ரோவில் காலை பத்தரையாதலால், கடையடைக்குமுன் அவர்களுக்குத் தொலைபேசி எடுப்பேன். பெயர் அழியும்வரை மூலப் பிரதியை அழிப்பதில்லை.