ஓடுபாதை சிறிது, ஊர் பெரிது

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு செல்லும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் மண்டகள்ளி. வடக்கே சாமுண்டி மலை தெரிகிறது. சாலையோரம் விமான நிலையம். தசராவுக்கும் பட்டுக்கும் பேர்போன இந்த ஊருக்கு வருகிறவர்களில் பலருக்கு இப்படியொரு நிலையம் இருப்பதே தெரியாது. ரயிலிலோ காரிலோ பெங்களூர் வழியாகத்தான் வந்து சேர்கிறார்கள்.

மைசூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 390 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஏடிஆர் விமானம் முக்கால் மணி நேரத்தில் கடக்க வேண்டிய தூரம். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, சென்னையில் இறங்கத் தன் முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரமாகிவிடும். அப்படியும் ரயிலைவிட லாபம்தான். 2022 நவம்பரில் வந்த வந்தே பாரத்துக்கே இந்தப் பயணத்துக்கு ஆறரை மணி நேரம் தேவை.

பெங்களூர் கணக்கு வேறு. தேவனஹள்ளி விமான நிலையம் மண்டகள்ளியிலிருந்து நேர்கோட்டில் 160 கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு குறைந்த தூரத்தில் விமானம் மேலேறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். பறப்பதைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட விரைவுச் சாலை, பெங்களூர் எல்லை வரையிலான பயணத்தை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிவிட்டது.

மண்டகள்ளியின் வரலாறும் இதையே சொல்கிறது. 1940இல் மைசூர் சமஸ்தானம் அமைத்த இந்தத் தளத்துக்கு 1980களில் வாயுதூத் விமானங்கள் வந்து போயின. 2010இல் புதுப்பிக்கப்பட்ட நிலையத்திலிருந்து கிங்ஃபிஷர் பெங்களூருக்குப் பறந்தது. அடுத்த ஆண்டே நின்றது. 2013இல் வந்த ஸ்பைஸ்ஜெட்டும் நிலைக்கவில்லை. 2017இல் உடான் திட்டத்தின் கீழ் சென்னையை இணைத்த ட்ரூஜெட், 2022இல் பறப்பதையே நிறுத்திக்கொண்டது.

குறை ஊரில் இல்லை. ஓடுபாதையின் நீளம் 1,740 மீட்டர். ஏடிஆருக்கு அது போதும். ஏர்பஸ், போயிங் ஜெட்டுகளுக்குப் போதாது. நீட்டலாம் என்றால் ஊட்டி நெடுஞ்சாலையும் சாமராஜநகர் ரயில் பாதையும் குறுக்கே நிற்கின்றன. நெடுஞ்சாலையைச் சுரங்கப்பாதையாக்கி, அதன் மேல் ஓடுபாதையைக் கொண்டுசெல்லும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது.

2008இல் பெங்களூர் விமான நிலையம் நகரின் வடக்கே இடம்பெயர்ந்தபோது அதிகம் இழந்தது மைசூர்க்காரர்தான். டில்லி போக வேண்டியவர் முதலில் பெங்களூர் நெரிசலைக் குறுக்கே கடந்தாக வேண்டும். விரைவுச் சாலையில் மிச்சமாகும் நேரத்தை அந்த நெரிசல் விழுங்கிவிடுகிறது. ஆகவே மைசூருக்கு விமானம் தேவைப்படுவது பெங்களூர் போவதற்காக அல்ல. பெங்களூரைத் தொடாமல் போவதற்காக. அதற்கு வழிவிட வேண்டியது இன்னும் ஆயிரம் மீட்டர் ஓடுபாதை.