பூச்சிக்கு ஒரு கண்ணாடி வீடு

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது திகில் கதை இல்ல. யாரையும் யாரும் கடிக்கல. பாம்புன்னாலே ஆகாதவங்க இங்கேயே ஜகா வாங்கிக்கலாம், ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் :-) மத்தவங்க உள்ள வாங்க. மினியாபொலிஸ் குளிர்ல, ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் வாடகையைப் பங்கு போட்டுக்கிற ஒரு அப்பார்ட்மெண்ட்ல, மூணரை அடி நீளத்துல மூணாவதா ஒருத்தர் எப்படி என் பொறுப்புக்கு வந்தார்ங்கறதுதான் விஷயம்.

ஆள் கார்ன் ஸ்நேக் ஜாதி. அமெரிக்காவோட தென்கிழக்குப் பக்கம்தான் பூர்வீகம். ஆரஞ்சு உடம்பு, அதுல கருஞ்சிவப்புல திட்டுத்திட்டா இருக்கும். வயித்துல இருக்கிற கட்டம் மக்காச்சோளக் கதிர் மாதிரி இருக்குறதால இந்தப் பேருன்னு சிலர் சொல்றாங்க. சோளக் கிடங்குல எலி பிடிக்க வந்ததால வந்த பேருன்னு வேற சிலர். விஷம் கிடையாது. நம்ம ஊர் சாரைக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம்.

இவரோட ஓனர் என் ரூம்மேட். அயோவாப் பையன். நாலு வருஷமா ஒரு பிளாஸ்டிக் பெட்டியில வச்சு வளர்க்கறான். அவனுக்கு வேற ஊர்ல ஆறு மாச இன்டர்ன்ஷிப் கிடைச்சுது, ஜனவரியில கிளம்பணும். அங்க குடுக்கிற வீட்டுல பிராணி எதுவும் கூடாதாம். நவம்பர்ல ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான், "நீ பாத்துக்குவியா?"

நான் உடனே பதில் சொல்லல. அதுக்குக் காரணம் இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க அம்மா ஊரு தஞ்சாவூர்ப் பக்கம். 1989ல, அறுப்பு சமயத்துல, அம்மாவோட தம்பி, எனக்குச் சின்ன மாமா, கூடத்துல பாய் விரிச்சுத் தூங்கிட்டிருந்தார். பதினோரு வயசு. விடியக்காலைல வயித்து வலின்னு எழுந்தார். பாட்டி ஓமத்தண்ணி குடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல கண்ணு தொறக்க முடியல, இமை தானா இறங்குது, பேச்சு குழறுது. ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டி, அப்புறம் பஸ். போய்ச் சேர்றதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு. கட்டுவிரியன். ராத்திரியில வரும், தரையில படுத்திருக்கறவங்களைக் கடிக்கும், கடிச்ச இடத்துல வலியோ வீக்கமோ பெருசா இருக்காது. அதனாலதான் கடிபட்டதே பல பேருக்குத் தெரியாமப் போயிடும். அப்ப அம்மாவுக்குப் பதினஞ்சு வயசு.

இன்னிக்கும் எங்க வீட்டுல விளக்கு வச்சப்புறம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. "பூச்சி"ன்னுதான் சொல்லணும். பாட்டி அதையும் சொல்ல மாட்டாங்க, "கயிறு" அவங்களுக்கு.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2020ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை, 2000த்துல இருந்து 2019க்குள்ள இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு கணக்குப் போட்டுச்சு. வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமம், சுமார் பாதி மழைக்காலம். அதனால "பாம்பு சாதுவான பிராணிங்க, பயப்படாதீங்க"ன்னு யாராவது ஏசி ரூம்ல உக்காந்து பேசினா எனக்குச் சுர்ருனு வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நடமாடற வரப்புல ராத்திரி தண்ணி கட்டப் போறவருக்குப் பயம்தான் பாதுகாப்பு. அது வேற கணக்கு, இது வேற கணக்கு. ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

ரூம்மேட்டுக்கு ரெண்டு கண்டிஷன் போட்டேன். ஒண்ணு, வீட்டு ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும். ரெண்டு, அந்தப் பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், சரியான தொட்டி வைக்கணும், அதை நான்தான் டிசைன் பண்ணுவேன். மூணு செமஸ்டரா வெப்பப் பரிமாற்றம் படிச்சிட்டு இது கூடச் செய்யலன்னா அப்புறம் எதுக்கு அந்தப் படிப்பு!

அம்மாகிட்ட மறைக்கல. அந்த ஞாயித்துக்கிழமையே வாட்ஸ்அப்ல சொல்லிட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோன்னு பாத்தேன், ஆகல. அப்புறம் ஒரே ஒரு கேள்வி, "பல்லு இருக்கா அதுக்கு?" "இருக்கும்மா. விஷம்தான் இல்ல." "பாட்டிகிட்ட சொல்லாத." அவ்ளோதான். வேற பேச்சுக்குப் போயிட்டாங்க.

சரி, தொட்டிக்கு வருவோம். ஊரை விட்டுக் கிளம்பற ஒரு ஸ்டூடண்ட்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கேலன் கணக்குல 120. முன்பக்கம் தள்ளித் திறக்கற கண்ணாடிக் கதவு. மாடிப்படியில ஏத்தறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் இடுப்பு கழண்டுச்சு.

இவங்களுக்கு உடம்புக்குள்ள அடுப்பு கிடையாது. நாம சாப்பிடறதுல பெரும்பங்கு உடம்பைச் சூடா வச்சுக்கவே செலவாகுது. பாம்பு வெயிலையும் நிழலையும் தேடிப் போய் அந்த வேலையை முடிச்சுக்குது. 1944ல கவுல்ஸ், போகர்ட்னு ரெண்டு பேர் பாலைவனப் பல்லி, ஓணான், பாம்பையெல்லாம் ஆராய்ஞ்சு, இதுங்க சும்மா வெளிச் சூட்டுக்கு ஆடற ஜந்துக்கள் இல்ல, இடம் மாறி மாறி உடம்புச் சூட்டைத் தானே சரி பண்ணிக்குதுன்னு காட்டினாங்க. அதனால தொட்டி முழுக்க ஒரே சூடு வைக்கறது பிரயோஜனமில்ல. ஒரு ஓரம் வெயில், மறு ஓரம் நிழல்னு வைக்கணும். எங்க இருக்கணும்னு முடிவு பண்றது அவரோட உரிமை.

நாங்க வச்சது இப்படி. தொட்டிக்கு அடியில ஒரு ஓரமா, தரைப்பரப்புல மூணுல ஒரு பங்குக்குச் சூட்டுப் பாய். சூடான பக்கம் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 23. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க ஒவ்வொரு குகை. ஒரே ஒரு குகை இருந்தா, ஒளியறதா சூடா இருக்கறதான்னு அதுக்குத் திண்டாட்டம் ஆயிடும். மூணு பக்கக் கண்ணாடிக்கும் வெளியில தெர்மாகோல் ஒட்டினோம். சூடு வெளியேறாது, பாம்புக்கும் நாலாபக்கமும் திறந்த வெளின்னு பதட்டம் இருக்காது. தொட்டிக்கு அடியில சின்ன ரப்பர் கால் வச்சுத் தூக்கி விட்டோம், பாய்க்குக் கீழ காத்து போகணுமே.

இதுல உயிர் நாடி தெர்மோஸ்டாட்தான். சோதனைக்காகத் தெர்மோஸ்டாட் இல்லாம ஒரு மணி நேரம் காலித் தொட்டியில பாயை ஓட விட்டேன். கண்ணாடி 44 டிகிரி! இன்ஃப்ராரெட் துப்பாக்கியால மூணு தடவை பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். நாம கையைச் சட்டுனு எடுத்துடுவோம். இவங்க அப்படி இல்ல, அடி வயிறு வெந்தாலும் அங்கேயே சுருண்டு படுத்திருக்கறது உண்டு. சூட்டுக் கல்லுன்னு கடையில விக்கற ஐட்டத்தை அனுபவசாலிங்க கையெடுத்துக் கும்புடறது இதுக்குத்தான்.

அடுத்து, தெர்மோஸ்டாட்டோட சென்சாரை எங்க வைக்கறது? ரூம்மேட் தொட்டிக்குள்ளன்னான். நான் பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவுலன்னேன். உள்ள வச்சா, ராத்திரி அவர் அதை நகர்த்தி குளிர்ந்த பக்கம் தள்ளிட்டா என்ன ஆகும்? இல்ல தண்ணிக் கிண்ணம் அது மேல கவுந்துட்டா? சென்சார் "குளிருது, குளிருது"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், பாய் சூடாகிக்கிட்டே இருக்கும். பின்னூட்டம் தப்பா வந்தா என்ன ஆகும்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவா வேணும்! நடுவுல வச்சு 32க்கு செட் பண்ணினா உள்பக்கக் கண்ணாடி 30ல நிக்குது. மரத்தூள் மெத்தையைத் தோண்டிக்கிட்டு நேரா கண்ணாடியில படுத்தாலும் சுடாது.

மெத்தைக்கு ஆஸ்பென் மரச் சீவல். தேவதாரு வகைச் சீவல் வாசனையா இருக்கும், ஆனா அந்த எண்ணெய் பாம்போட மூச்சுக்கு ஆகாது. ஈரப்பதம் 40ல இருந்து 60 சதவீதம் இருக்கணும். இங்க குளிர்காலத்துல ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக்குள்ள 20க்கு இறங்கிடும், என் உதடே வெடிச்சுப் போயிருக்கு. அதனால ஈரப் பாசி போட்டு மூணாவதா ஒரு டப்பா. கதவுக்குப் பூட்டு. பாம்பு மூக்கால தட்டித் தட்டிப் பாத்து ஒரு விரக்கடை கிடைச்சாப் போதும், போயே போச்சு.

சாப்பாடு? உறைஞ்ச எலி. கூரியர்ல தெர்மாகோல் பெட்டியில வரும். ஃப்ரீஸர்ல என் தேங்காய்த் துருவல் பாக்கெட் மேல் தட்டு, அவங்க கீழ் தட்டு, நடுவுல எல்லைக்கோடு. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, கவர்ல போட்டு வெந்நீர்ல இளக வச்சு, இடுக்கியால குடுக்கணும். அப்புறம் ரெண்டு நாளைக்குத் தொடக் கூடாது. தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும், சால்மோனெல்லா பயம் இருக்கு.

ரூம்மேட் கிளம்பி மூணு வாரம் ஆச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 9 மணிக்குக் கரண்ட் போச்சு. வெளியில மைனஸ் 23. கரண்ட் இல்லாம வீட்டு ஹீட்டரும் ஓடாது. கார்ன் ஸ்நேக் காட்டுல குளிர்காலத்தைச் சுருண்டு படுத்தே ஓட்டற ஜாதிதான், வெறும் குளிரால உடனே ஆபத்து இல்ல. ஆனா இவருக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எலி குடுத்திருந்தேன். சூடு இல்லன்னா செரிமானம் நின்னுடும், வயித்துல இருக்கறது அழுகும், கக்கிடும். அது சில சமயம் உயிருக்கே உலை.

11 மணிக்கு ரூம் 17 டிகிரி. எலி வந்த அதே தெர்மாகோல் பெட்டியை எடுத்தேன். தலகாணி உறைக்குள்ள அவரை விட்டு முடிச்சுப் போட்டேன். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால பத்த வச்சு வெந்நீர் போட்டு ரெண்டு பாட்டில்ல ஊத்தினேன். அப்ப அம்மா போன். அங்க புதன் காலைல பத்தரை. விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டில்ல துணி சுத்தினியா?"ன்னாங்க.

சுத்தியாச்சுன்னேன்.

"நேரா படக் கூடாது. கோழிக்குஞ்சுக்குக் கரண்ட் போனா நாங்க அப்படித்தான் வைப்போம். ஒரு பக்கம் மட்டும் வையி, அதுக்கு வேணும்னா தள்ளிப் படுத்துக்கும். மூடிய இறுக்கிடாத, மூச்சு முட்டும்."

1944ல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதை அம்மா மூணு வரியில சொல்லிட்டாங்க. நான் ஒண்ணும் பேசல. கொஞ்சம் கழிச்சு அவங்களே, "குளிர்ல விட்டுடாதடா. அதுவும் உன்னைய நம்பித்தானே இருக்கு"ன்னாங்க. மாமா பேரை அன்னிக்கு ரெண்டு பேருமே எடுக்கல.

மணிக்கொரு தடவை வெந்நீர் மாத்தினேன். பெட்டிக்குள்ள 26ல நின்னுச்சு. 4.40க்குக் கரண்ட் வந்தப்ப ரூம் 12 டிகிரி, எனக்கு ரெண்டு ஸ்வெட்டர். அவர் கக்கல.

இதைப் படிச்சிட்டு நாமளும் ஒண்ணு வாங்கலாமான்னு யோசிக்கற மாணவக் கண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. கார்ன் ஸ்நேக் நல்லாப் பாத்துக்கிட்டா 15, 20 வருஷம் இருக்கும். நம்ம விசாவுக்கு அவ்வளவு ஆயுசு இருக்கா? போகும்போது கூட்டிட்டும் போக முடியாது, வெளியில விடவும் முடியாது. விட்டா என்ன ஆகும்னு ஃப்ளோரிடாவைப் பாருங்க. செல்லமா வளர்த்த பர்மா மலைப்பாம்பு எவர்கிளேட்ஸ் சதுப்புல பெருகி, அங்க இருந்த முயல், ரக்கூனையெல்லாம் கிட்டத்தட்டக் காலி பண்ணிடுச்சு. 2017ல அதைப் பிடிக்க நம்ம ஊர்ல இருந்து மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்களைக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு வாரம் ஆகறதுக்குள்ள 13 மலைப்பாம்பு பிடிச்சுக் குடுத்தாங்க! 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில 1978ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரங்க அவங்க. அந்தச் சங்கம் எடுத்துக் குடுக்கற விஷத்துல இருந்துதான் கடிபட்டவங்களுக்கான மருந்து தயாராகுது. இந்தியாவுல, நம்ம நாட்டுப் பாம்பை வீட்டுல வளர்க்கறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், அதையும் மறந்துடாதீங்க. என்னோடது வெறும் ஆறு மாச ட்யூட்டி, ஜூலையில ஓனர் வந்துடுவான்.

போன வாரம் கண்ணு ரெண்டும் நீலம் பூத்து, நாலு நாள் கழிச்சுச் சட்டை உரிச்சார். தலையில இருந்து வால் வரைக்கும் முழுசா, ஒரு கிழிசல் இல்லாம. ஈரப்பதம் சரியா இருந்ததுக்கு அதுதான் சர்டிஃபிகேட். பெருமை தாங்காம அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "ஊருக்கு வரும்போது அதை எடுத்துட்டு மட்டும் வந்துடாத"ன்னு பதில். அதுக்கு அப்புறம் இன்னொண்ணு, "பூச்சி சாப்ட்டுச்சா?"

உங்க வீட்டுல விளக்கு வச்சப்புறம் அதுக்கு என்ன பேரு? சொல்லிட்டுப் போங்க.