பொய்த்து நின்ற துப்பாக்கி

கருவியொன்று முற்றாக உடைந்துபோவது பெருந்தொல்லையன்று. உடைந்த இடம் கண்ணுக்குப் புலப்படும். மாற்றுறுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தினால் காரியம் முடிந்தது. கருவி பொய் சொல்லத் தொடங்கும்போதே தொல்லை பிறக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில், வாழ்நாள் முழுவதும் கடைசல் இயந்திரத்தோடு பழகிய ஒருவருக்கு, அறுபதை அண்மித்த வயதில் இத்தகைய தொல்லை நேர்ந்தது. பொய் சொன்னது அவர் தம் கையாலேயே பகுதி பகுதியாகத் தேர்ந்து பூட்டிய போட்டிக் கைத்துப்பாக்கி.

போட்டித் திடலில் எட்டு இலக்கு அட்டைகள் நின்றன. ஒவ்வொன்றிலும் இரு சன்னங்கள் பதியவேண்டும், ஆகப் பதினாறு. மகசினில் எட்டு ரவைகள், குழலறையில் ஒன்று. ஒரேயொரு முறை மகசினை மாற்றினால் போதும் என்பது அவர் கணக்கு. ஐந்தாவது வெடி தீர்ந்ததும் துப்பாக்கியின் மேற்பாகம் பின்னால் ஓடி அங்கேயே நின்றுவிட்டது. அவ்வாறு நிற்பதன் பொருள் ஒன்றுதான்: ரவை தீர்ந்துவிட்டது. பல்லாண்டுப் பயிற்சியுடைய கை, மூளையிடம் கேளாமலே மகசினை உதறிவிட்டு அடுத்ததைச் செருகியது. நான்கு ரவைகளோடு புழுதியில் கிடந்த மகசினை அவர் கண்டது போட்டி முடிந்து குனிந்தபோதுதான்.

இவ்விடத்திற் பொறியின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அவருடைய துப்பாக்கி, யூற்றா மாநிலத்தின் ஒக்டன் நகரிற் பிறந்த ஜோன் மோசஸ் பிறவுணிங் வகுத்த அமைப்பினைச் சேர்ந்தது. அமெரிக்கப் படை அதனை 1911ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏற்றுக்கொண்டது. 1985இல் வேறொன்று அதன் இடத்தைப் பெறும்வரை அதுவே படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக விளங்கிற்று. கொல்வதற்கென்றே வகுக்கப்பட்ட பொருளொன்று, பின்னர் அட்டைகளைத் துளைக்கும் விளையாட்டுக்கு உரியதாயிற்று. அந்த வரலாற்றை அறியாதவர்போல் அதனைக் கையாள்வது எவருக்கும் அழகன்று. ஆயினும், அதன் பொறிநுட்பத்தில் உள்ள சிக்கனத்தை வியவாதிருத்தலும் அரிது.

குழலின்மேல் முன்னும் பின்னும் ஓடும் உருக்குப் பகுதியை ஸ்லைடு என்பர். அதனைப் பின்னே தடுத்து நிறுத்தும் சிறு நெம்பு இடப்பக்கத்தில் உண்டு. இதற்குப் பணிகள் மூன்று. அதன் அச்சு, குழலைக் கீழே சாயச்செய்யும் இணைப்பைத் தாங்குகின்றது. அதனை உருவியெடுத்தால் துப்பாக்கி முழுவதும் கழன்றுவிடும். எனவே அதுவே பூட்டுக்குத் திறவுகோல். மூன்றாவது பணியே இங்கு முக்கியமானது. நெம்பின் உட்புறத்தில் ஒரு சிறு குமிழ் மகசின் இருக்கும் குழிக்குள் நீண்டு நிற்கின்றது. கடைசி ரவையும் போனபின், ரவைகளைத் தாங்கி மேலெழும் தகடு அக்குமிழைத் தூக்க, நெம்பு உயர்ந்து ஸ்லைடின் வெட்டுவாயிற் சென்று மாட்டிக்கொள்கிறது. மற்ற வேளைகளில் அந்நெம்பு உயராதபடி, சுருள்வில்லால் உந்தப்படும் சிறு முளையொன்று பின்னிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். அதே சுருள்வில்லின் மறுமுனை பாதுகாப்புப் பூட்டையும் அழுத்துகின்றது. ஒரு வில்லுக்கு இரு வேலை. பிறவுணிங்கின் கைவண்ணம் அத்தகையது.

ஆகவே தகட்டைத் தவிர வேறெதுவேனும் அக்குமிழையோ நெம்பையோ தூக்கிவிட்டால், நிறைந்த துப்பாக்கி தன்னை வெறுமை என்று அறிவித்துவிடும். பின்னுதைப்பில் மகசினுள் முன்னே நழுவும் ரவையின் மூக்கு குமிழில் இடிக்கலாம். முளையின் வில் தளர்ந்திருக்கலாம். பெருவிரல் எட்டவேண்டுமென்று நீட்டிச் செய்த நெம்பாயின், அதன் கூடிய திணிவே சடத்துவத்தால் அதனை மேலெழச் செய்யலாம். அல்லது சுடுபவரின் விரல் கீழிருந்து தட்டலாம்.

அப்பிழையின் விலை என்னவென்று வினவலாம். மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் 1976இல் உருவான அனைத்துலகச் செயன்முறைச் சுடுகழகம், துல்லியம், வலு, விரைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே அளக்க விரும்பிற்று. பெற்ற புள்ளிகளை எடுத்த செக்கன்களால் வகுப்பது அதன் முறை. எண்பதில் எழுபத்திரண்டு புள்ளிகளை ஒன்பது செக்கனிற் பெற்றவருக்கு விடை 8. அதே புள்ளிகளுக்குப் பன்னிரண்டு செக்கன் சென்றால் 6. உதறிய மகசினால் இரண்டாம் முறையும் மகசின் மாற்ற நேர்ந்த அவர், ஓர் இலக்கையும் தவறவிடாமலே காற்பங்கை இழந்தார்.

பட்டறைக்காரர் பட்டறைக்கே திரும்பினார். முதலில் முளையின் வில்லை மாற்றினார். பயனில்லை. பின்னர் நெம்பைக் கழற்றி விளக்கொளியிற் பார்த்தார். குமிழின் முகத்தில் ஈயத்தின் மங்கிய கீறல் தெரிந்தது. அவர் தாமே நிரப்பும் ரவைகளில், அகன்ற தோளுடைய ஈயச் சன்னங்களைப் பயன்படுத்திவந்தார். பதினொன்றரை மில்லிமீற்றர் அகலமுள்ள அச்சன்னத்துக்கும் குமிழுக்கும் இடையே உள்ள வெளி மிகச் சிறிது. ஒன்பது மில்லிமீற்றர் ரவைக்கெனச் செய்யப்படும் நெம்புகளிற் குமிழ் நீளமாக இருப்பதும் இதனாலேதான். சன்னம் ஒடுங்கியதாகையால் அங்கே இடமுண்டு. ஈயக் கீறலைக் கண்டதும் அவருக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. குற்றவாளி கைரேகையோடு அகப்பட்டுவிட்டான்! அரத்தை எடுத்தார்.

நாற்பதாண்டு உருக்கைத் தேய்த்த கை, அன்று சிறிது கூடுதலாகத் தேய்த்துவிட்டது. சினத்தோடு பிடித்த அரம் அளவறியாது. மறுவாரம் திடலில், கடைசி ரவை போனபின்னும் ஸ்லைடு நில்லாமல் முன்னே மூடிக்கொண்டது. விசையை இழுத்தபோது வெற்றுக் 'கிளிக்' ஒலி மட்டுமே எழுந்தது. குட்டையாகிவிட்ட குமிழைத் தகடு எட்டவில்லை. அதைவிட வியப்பு யாதெனில், பழைய நோயும் முற்றாகத் தீரவில்லை. இருமுறை அது இடையிலே நின்றது. இப்போது அத்துப்பாக்கி பொய் சொல்லும், உண்மை சொல்லாது.

கழகத்து நண்பர் சிலர், குமிழை முழுவதும் அகற்றிவிடும்படி அறிவுரை கூறினர். போட்டியில் தேர்ந்தவர் பலர் அவ்வாறே செய்கின்றனர். துப்பாக்கி வெறுமையாகும்வரை சுடுபவன் எண்ணத் தெரியாதவன். மகசினை எங்கே மாற்றுவதென்று முன்கூட்டியே வகுத்தவனுக்கு அந்த அறிவிப்பு எதற்கு என்பது அவர்களின் வாதம். வாதம் வலுவுடையதே. ஆனால் நோயறியாமல் நாவை அறுக்கும் மருத்துவமாக அது அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். குமிழை நீக்கிய பின்னும் வேறெதுவோ நெம்பைத் தூக்கிக்கொண்டிருந்தால் என் செய்வது? அந்த வேறெது எது?

விடையைத் தந்தவள் கழகத்திற் புதிதாகச் சேர்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி. அவர் கேட்டுக்கொண்டபடி, அவருடைய துப்பாக்கியில் அவருடைய ரவைகளையே ஐம்பது முறை சுட்டாள். ஒருமுறையேனும் இடையில் நிற்கவில்லை. அவள் ஒன்றுங் கூறாது துப்பாக்கியை வெறுமையாக்கி மேசைமீது வைத்தாள். அவரும் ஒன்றுங் கூறவில்லை.

இரு கைகளாற் பற்றும்போது, வலக்கையாளரின் இடப் பெருவிரல் துப்பாக்கியின் இடப்பக்கத்தை ஒட்டி முன்னோக்கி நீண்டு கிடக்கும். சரியாக அந்நெம்புக்குக் கீழே. சென்ற குளிர்காலம் முதல் அவர் இடப் பெருவிரலின் அடிமூட்டு வீங்கி நோவெடுத்துவந்தது. நோவைத் தவிர்க்க விரல் தானாகவே சிறிது மேலேறி விறைத்து நின்றது. ஒவ்வோர் உதைப்பின்போதும் நெம்பின் அடியை உரசியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பர். இங்கே ஆடியவருக்கு ஆடத் தெரியும். கூடமும் சிறிது கோணல்தான், ஈயக் கீறல் அதற்குச் சாட்சி. இரண்டும் உண்மையாயிருந்தமையே அவரை ஏமாற்றிற்று. ஒரு காரணத்தைக் கண்டவுடன் மனம் தேடுவதை நிறுத்திவிடுகின்றது. அதிலும், கண்ட காரணம் உருக்கிலும் காணாத காரணம் தன் கையிலும் இருக்குமாயின், நிறுத்துவதற்கு அதற்கு இரட்டை விருப்பம்.

புதிய நெம்பொன்று வாங்கினார். இம்முறை அரத்தை எடுக்குமுன், வெடிமருந்தும் பற்றுமூடியும் இல்லாத போலி ரவைகளைச் செய்துகொண்டார். ஸ்லைடைக் கழற்றி, நெம்பை மட்டும் பொருத்தி, குமிழில் மை பூசி, ரவைகளை ஒவ்வொன்றாக மகசினிலிருந்து கையால் மெல்ல முன்னே தள்ளினார். மை அழிந்த இடத்தை மாத்திரம், அதுவும் தகடு தொடும் அடிப்பகுதிக்கு ஊறு நேராமல், தேய்தாளால் நீவினார். பின்னர் முளை வந்து அழுத்தும் முகத்தில் ஆழமற்ற சிறு குழியொன்று இட்டார். முளையின் நுனி அதில் அமர்ந்துகொள்ள, நெம்பு இலேசான தட்டுக்கு அசையாது. குழி ஆழமானால் மகசினின் வில்லாலும் அதனைத் தூக்க முடியாமற் போகும். எனவே சிறிது குடைவதும், பூட்டிப் பார்ப்பதும், மீண்டும் கழற்றுவதுமாக ஒரு மாலைப்பொழுது கழிந்தது.

விரலின் காரியம் ஒரு மாலைப்பொழுதில் முடியவில்லை. கீழே இறக்கினால் நொந்தது. மேலே வைத்தால் துப்பாக்கி நின்றது. நெம்பின்மேலேயே வைத்தாலோ, கடைசி ரவைக்குப் பின்னும் நெம்பு எழமாட்டாது. விரலைச் சட்டத்திலிருந்து சிறிது விலக்கி, எதனையும் தொடாது நீட்டிப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பிடியின் இறுக்கம் சிறிது குறைந்தது. இலக்கின் நடுவிற் பதிந்துவந்த சன்னங்களிற் சில ஓரத்துக்கு நகர்ந்தன. அவ்விழப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

இளவேனிலின் முதற்போட்டியில் அவர் இலக்கொன்றை இரண்டாம் முறை சுட்டுத் திருத்தவேண்டியிருந்தமையால், கணக்கு ஒன்றால் தவறியது. ஸ்லைடு பின்னே ஓடி நின்றது. கை மகசினை உதறவில்லை. துப்பாக்கியைச் சரித்து உள்ளே எட்டிப் பார்த்தார். நேரங்காட்டி ஓடிக்கொண்டிருந்தது. மகசின் வெறுமையாகத்தான் இருந்தது.