ஒரு சிட்டிகை உப்பும் அப்பாவின் பி.பி-யும்

ஆங்கிலச் செய்தியில் 'சால்ட்' என்ற வார்த்தை கண்ணில் பட்டால் நான் கொஞ்சம் நிதானமாகிவிடுவேன். டிஜிட்டல் டெஸ்க்கில் நிதானம் என்பது காஸ்ட்லியான விஷயம். ஏஜென்சியிலிருந்து செய்தி வந்து விழும். பத்து நிமிடத்தில் தமிழில் ஏற்ற வேண்டும். அந்த அவசரத்துக்கு மொழிபெயர்ப்பு மென்பொருள் கைகொடுக்கும். பெயர், தேதி, தொகை எல்லாம் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். மரபுத்தொடர் வரும் இடத்தில்தான் குப்புற விழும். அதிலும் உப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஹெல்த் செய்தி. பூண்டும் எலுமிச்சையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாறு ரத்த அழுத்தத்தை அடியோடு குணப்படுத்தும் என்று வெளிநாட்டில் ஒரு வீடியோ வைரல். அதைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு டாக்டர், 'டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்று சொல்லியிருந்தார். 'அப்படியே நம்பிவிடாதீர்கள், கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். மென்பொருள் தந்த தமிழ் இது: 'ரத்த அழுத்தத்தைக் குணப்படுத்தும் என்று கூறப்படும் இந்தச் சாற்றை ஒரு சிட்டிகை உப்புடன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் மருத்துவர்.'

பக்கத்து சீட் அக்காவிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. ஏனென்றால், எங்கள் தளத்தின் ஹெல்த் செய்திகளை ஒன்றுவிடாமல் படிக்கும் வாசகர் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். அப்பா. ஆறு வருடங்களாக பி.பி மாத்திரை சாப்பிடுகிறார். மோரில் உப்பு குறைந்தால் அம்மாவோடு சண்டை. 'டாக்டரே சொல்லியிருக்காராம், நம்ம பொண்ணு ஆபீஸ்லயே போட்டிருக்காங்க' என்று ஒரு வரி கிடைத்தால் போதும், மறுநாள் காலை அடுப்பில் பூண்டு கொதிக்கும். மேலே தாராளமாக உப்பும் விழும். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. சுமார் ஒரு டீஸ்பூன். நம் வீட்டு ஊறுகாயும் அப்பளமுமே அதில் பாதியை முடித்துவிடும்.

'இதை அப்படியே நம்பிவிட வேண்டாம்' என்று மாற்றி ஏற்றினேன். நான்கே வார்த்தை. அதற்கு மேல் அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால், அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி விடவில்லை. தேடிப் படித்தபோது ஓர் ஆச்சர்யம். ரோமானிய எழுத்தாளர் பிளினி, தன் 'இயற்கை வரலாறு' நூலில் ஒரு விஷமுறிவு மருந்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பான்டஸ் நாட்டு அரசர் மித்ரிடேட்ஸை வென்ற தளபதி பாம்பேக்கு, அந்த அரசரின் குறிப்புகளில் கிடைத்த செய்முறையாம். காய்ந்த வால்நட் 2, அத்திப்பழம் 2, அருவதா இலை 20. சேர்த்து இடித்து, ஒரு கல் உப்பு போட்டு, வெறும் வயிற்றில் சாப்பிட்டால் அன்று முழுக்க எந்த விஷமும் ஒன்றும் செய்யாதாம். இன்றைய மரபுத்தொடரின் வேர் இந்த வரிதான் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியென்றால், அந்த மென்பொருள் சொன்னதுபோல நிஜமாகவே உப்பு சேர்த்து விழுங்கச் சொன்ன மருந்துதான் அது! வாட்ஸ்அப் இல்லாத காலத்து ஃபார்வர்டு என்று நினைத்துக்கொண்டேன்.

'வொர்த் ஹிஸ் சால்ட்' என்றால் வாங்கும் சம்பளத்துக்குத் தகுதியானவர். 'சேலரி' என்ற வார்த்தை, உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது உண்மை. ரோமானிய வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்துபோட்டார்கள் என்பதற்குப் பழைய சான்று எதுவும் கிடையாது. நம்மூரிலும் சம்பா நெல்லும் அளத்து உப்பும் கொடுத்ததால்தான் 'சம்பளம்' என்று ஒரு கதை உண்டு. இரண்டுமே கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'பிலோ தி சால்ட்'. இடைக்கால இங்கிலாந்தில் பிரபுக்களின் விருந்து மேஜையில் பெரிய உப்புக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதற்கு மேல்பக்கம் உட்கார்ந்தால் பெரிய மனிதர். கீழ்ப்பக்கம் என்றால் சாதாரண ஆள். இதை 'உப்புக்குக் கீழே' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. நம் பந்தியில்தான் இலைக்கு இலை உப்பு வைத்துவிடுகிறோமே. (நாம் உப்பை வைத்துப் பிரிக்கவில்லை, பந்தியையே பிரித்தோம். அது வேறு கதை.)

அப்படியே தமிழுக்கு வந்துவிடும் உப்பும் ஒன்று இருக்கிறது. 'ட்ரூ டு ஹிஸ் சால்ட்' என்றால் உப்பிட்டவருக்கு விசுவாசமானவர். 1857 கிளர்ச்சியின்போது தங்கள் பக்கம் நின்ற சிப்பாய்களை ஆங்கிலேய அதிகாரிகள் இப்படித்தான் புகழ்ந்தார்கள். 'நமக் ஹலால்' என்று இந்தியர்கள் சொன்னதன் ஆங்கில வடிவம் அது. உப்பு தின்ற நன்றியை அப்படிக் கொண்டாடியவர்களின் ஆட்சிதான் அதே உப்புக்கு வரியும் போட்டது. 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் அதற்குப் பதில் கிடைத்தது.

உப்பு ஏமாற்றுவதற்கும் பயன்பட்டிருக்கிறது. ஒன்றுமில்லாத சுரங்கத்தில் கொஞ்சம் தங்கத்தைத் தூவிவைத்து வாங்க வருபவரை ஏமாற்றினால், அதற்குப் பெயர் 'சால்ட்டிங்'. 1872-ல் அமெரிக்காவில் ஃபிலிப் அர்னால்டு, ஜான் ஸ்லாக் என்ற இருவர் வெறும் நிலத்தில் வைரக் கற்களைத் தூவி, பெரிய பெரிய பணக்காரர்களையே முதலீடு செய்யவைத்தார்கள். கிளாரன்ஸ் கிங் என்ற புவியியலாளர் நேரில் போய்ப் பார்த்துக் குட்டை உடைத்தார். நிதி மோசடிச் செய்தி ஒன்றில் இந்த வார்த்தை வந்தபோது மென்பொருள் 'சுரங்கத்துக்கு உப்பிட்டனர்' என்றது. தொழிலாளர்களுக்குச் சோறு போட்டார்கள் என்று யாராவது நினைத்திருப்பார்கள்!

இப்போது என் தம்பி புதிதாக ஒரு உப்பைக் கொண்டுவந்திருக்கிறான். ஆன்லைன் கேமில் தோற்றுவிட்டுக் கடுப்பாக இருப்பவர் 'சால்ட்டி'. போன வாரம் அவனிடம் தோற்றுப்போய் போனை சோபாவில் வீசினேன். "சால்ட்டி ஆகாதக்கா" என்றான்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாளைக்குப் பரீட்சையை வெச்சுக்கிட்டு கேம் ஆடுறியே, நீயெல்லாம் உப்பு போட்டுத்தான சாப்பிடுற?"

ஹாலில் இருந்த அப்பா உடனே சொன்னார், "உன் சமையல்ல எங்கடி உப்பு இருக்கு?"