வெங்காயம் கேட்டவன்

போர்ட் பிளேரில் நான் செய்த முதல் தப்பு, வெங்காயம் கேட்டது.

2024 ஜனவரி. அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் அப்போது வந்திருக்கவில்லை. ஜங்கிலிகாட் மீன்பிடித் துறையிலிருந்து ஏறி வரும் சாலையில், தமிழ்க் குடும்பம் ஒன்று நடத்தும் மெஸ். நாலே மேசை. பரிமாறிய அக்கா வஞ்சிரம் வறுவல் ஒன்றை வைத்தார். அதைத் தின்று முடிக்குமுன் இன்னொன்று இலையில் விழுந்தது. சென்னையில் இந்தத் தடிமனுக்கு மீன் சொல்வதென்றால் விலைப்பலகையை இரண்டு தடவை படிப்பேன்.

"அக்கா, இது தனிக் கணக்கா?"

"சாப்பிடுங்க தம்பி. மீனுக்கா இங்க பஞ்சம்?"

அந்தத் தெம்பில்தான் கேட்டேன், கொஞ்சம் வெங்காயம் நறுக்கித் தர முடியுமா என்று. அக்கா திரும்பி அடுப்படியைப் பார்த்தார். அடுப்படியில் நின்ற அவர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் ஆறு வளையம் வந்தது; வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும்.

"கப்பல் இன்னும் வரல" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கப்பலுக்கு மூன்று நாள். நீல் தீவிலும் டிக்லிப்பூர் பக்கமும் காய்கறி விளையத்தான் செய்கிறது. ஆனால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வந்தாக வேண்டும். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு என்று நாம் செய்தியில் கேட்டுவிட்டுக் குடையைத் தேடுகிறோம். அக்கா வெங்காயக் கூடையை எட்டிப் பார்க்கிறார்.

அதற்குப் பிறகு எதை வாங்கினாலும் மனத்துக்குள் பத்து ரூபாய் கூட்டி வைத்துக்கொண்டேன். பெட்டிக்கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கியபோது ஏமாற்றமே மிஞ்சியது: எங்கள் தெருக்கடையில் என்ன விலையோ அதே விலை. உறையில் அச்சடித்த அதிகபட்ச விலைக்குக் கடல் தெரியாது. விலை அச்சடிக்காத தக்காளிக்குத்தான் அலை, காற்று, கப்பல் பழுது எல்லாம் தெரிகிறது.

ஆட்டோவிலும் இதே கணக்குதான் போட்டேன். நாலு கிலோமீட்டருக்கு ஓட்டுநர் கேட்ட தொகை கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. பாவம், பெட்ரோலும் கடல் தாண்டித்தானே வருகிறது என்று பேரம் பேசாமல் ஏறினேன். என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது வண்டி பெட்ரோல் பங்குக்குள் திரும்பியது. பலகையில் 84 ரூபாய் 10 காசு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அன்று சென்னையில் 102 ரூபாய் 63 காசு.

காரணம் எளிது. அந்தமானில் பெட்ரோலுக்கு விற்பனை வரி ஒரு சதவீதம்தான். தமிழ்நாட்டில் 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. ஆயிரம் கிலோமீட்டர் கடலைவிட எங்கள் ஊர் வரி நீளம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நிமிடத்தில் தெரிந்ததெல்லாம், என்னை ஒருவர் ஏமாற்றிவிட்டார் என்பதே.

"பெட்ரோல் இவ்வளவு மலிவு, நீங்க இப்படிக் கேக்கறீங்களே?"

பூர்வீகம் ராமநாதபுரம், ஆனால் அந்த ஊரையே பார்த்திராத மனிதர். வண்டியை ஓரம் கட்டினார்.

"சார், பெட்ரோலத் தாளிச்சா சாப்பிட முடியும்?"

பதில் வரவில்லை எனக்கு. அவர் விடுவதாக இல்லை. டயர் கப்பலில் வருகிறது. ஸ்பேர் பார்ட் கப்பலில் வருகிறது. உப்புக்காற்றில் தகரம் அரித்துப்போகிறது. பிள்ளையை மெயின்லேண்டில் படிக்க வைத்தால் ஹாஸ்டல், போக்குவரத்து. "நீங்க நாலு நாள் இருந்துட்டு மீன் சல்லிசுன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க."

அதைத்தான் அன்று மதியம் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தேன். பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

விமான நிலையத்துக்கும் அவரையே கூப்பிட்டேன். கோபம் இரண்டு பேருக்கும் ஆறியிருந்தது. இறங்கும்போது பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த தடவை வர்றப்ப சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ போட்டுட்டு வாங்க சார். பதிலுக்கு ஒரு கேன் பெட்ரோல் தர்றேன். என்ன, பிளேன்ல ஏத்த விடமாட்டான்."