பிடித்த கம்பியே பிடுங்கியது

தென்காசியில் பல் மருத்துவம் பார்க்கிறவன் நான். நான் கட்டிக்கொடுத்த பல்செட்டுகளால் சிலருடைய நல்ல பற்கள் ஆடிப்போயிருக்கின்றன. அதற்கு லேபும் காரணமில்லை, செட் போட்டவர்களும் காரணமில்லை. கொக்கிக்கு எந்தக் கம்பி என்று தீர்மானித்த நான்தான் காரணம்.

கழற்றி மாட்டும் செட்டை வாயில் நிறுத்துவது, பக்கத்துப் பல்லைச் சுற்றிப் பிடிக்கும் கொக்கி. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், “அருவில குளிச்சேன், செட்டு போயிட்டு டாக்டர்” என்று யாராவது வந்து நிற்பார்கள். பேரருவி தலையில் அடிக்கும்போது மூச்சு வாங்க வாய் திறக்கும். தளர்ந்த செட் தண்ணீரோடு போய்விடும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. என் செட் எந்த அருவியிலும் கழறக் கூடாது. இறுக்கம்தான் தரம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்குத் தோதாக இருந்தது கோபால்ட் குரோமிய வார்ப்பு. மெல்லிசாகச் செய்யலாம், நாள்பட உழைக்கும், விலையும் கூட. ஆனால் பயங்கர விறைப்பு. கொக்கியின் நுனி, பல்லின் பருத்த பாகத்துக்குக் கீழுள்ள பள்ளத்தில் கால் மில்லிமீட்டர்தான் இறங்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை வளைத்துச் செய்தால் அரை மில்லிமீட்டர் இறங்கலாம். அது நெளிந்து கொடுக்கும். இந்தப் பள்ளத்தை அளக்கவே சர்வேயர் என்று ஒரு கருவி உண்டு. கல்லூரியில் அதை வைத்து அழகாக வரைந்து மதிப்பெண் வாங்கினேன். கிளினிக்கில் உட்கார்ந்த பிறகு, அச்சோடு ஒரு துண்டுச்சீட்டு மட்டும் லேபுக்குப் போனது: ‘வார்ப்பு. நல்ல டைட்.’

கடையம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஓர் அக்கா வந்தார்கள். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் இல்லை. பின்னால் தாங்கப் பல்லே இல்லாத இந்த வாயைத்தான் எட்வர்ட் கென்னடி 1925-இல் தன் வகைப்பாட்டில் முதல் வகையாக வைத்தார். இதில் செட்டின் பின்பாகம் ஈறின் மேல் உட்காரும். ஈறு அமுங்கும், பல் அமுங்காது. ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் செட் பின்னால் இறங்கி ஏறும். கொக்கி நெளியாவிட்டால், அது பிடித்திருக்கும் முன்கடைவாய்ப் பல்தான் அசைந்தாக வேண்டும். மாடு கட்டிய முளைக்குச்சியை முன்னும் பின்னும் ஆட்டிப் பிடுங்குவோமே, அதை அவர்கள் வாய்க்குள் நடக்க வைத்தேன். அந்தப் பல்லும் சிறிசு. அதைச் சுற்றும் கொக்கியும் குட்டை. குட்டையாக ஆக, விறைப்பு இன்னும் கூடும்.

அவர்கள் கேட்டது சாதாரணக் கம்பி செட். “அது கழண்டுரும்க்கா, இதுதான் நல்லது” என்றேன். சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் வந்து, “செட்டு அசையவே இல்ல டாக்டர், பல்லுதான் அசையுது” என்றார்கள். வாய்க்கண்ணாடியின் கைப்பிடியால் தள்ளிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆடின. எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றியிருந்த கறுப்புக் கோடு அகன்றிருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், “வயசானா எலும்பு தேயத்தான் செய்யும்” என்றேன். கம்பியில் செய்த தவறைவிட அந்தப் பொய் பெரிது. வலப்பக்கப் பல்லை எடுத்த அன்றும் உண்மையைச் சொல்லவில்லை.

அவர்களுக்குச் செய்திருக்க வேண்டியது வார்ப்புச் சட்டம், பல்லின் மேல் உட்காரும் தாங்கி, அந்த இரண்டு பல்லுக்கு மட்டும் வளைத்த கம்பி. மலிவு என்று நான் ஒதுக்கியதுதான் அந்த இடத்துக்கு உரிய பொருள். பின்னாலும் உறுதியான பல் இருக்கும் வாயில் வார்ப்புக் கொக்கி அருமையானது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

நைலான் செட் பரவியபோதும் இப்படித்தான் நடந்தேன். கம்பி வெளியே தெரியாது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அதில் பெரும்பாலும் தாங்கி இருக்காது, மெல்லும் பாரம் ஈறின் மேல் விழும், பின்னால் சரிசெய்வதும் கஷ்டம். இதையெல்லாம் நான் சொல்லவில்லை.

அந்த அக்காவிடம் போன மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா” என்றார்கள்.

என்னிடம் செட் கட்டியவர்கள் இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று எந்த ஊரில் இருந்தாலும், கொக்கி பிடித்த பல் லேசாக அசைந்தால்கூட உடனே வாருங்கள். வார்ப்புக் கொக்கியை வெட்டிவிட்டு வளைத்த கம்பி வைத்துத் தருகிறேன்; பணம் வேண்டாம். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். அருவிக்குப் போனால் டப்பாவில் வைத்துவிட்டுக் குளியுங்கள்.