செயப்பாட்டு வினையும் நம் விமர்சனமும்

‘ராமன் ராவணனைக் கொன்றான்’. ‘ராவணன் ராமனால் கொல்லப்பட்டான்’. ஆங்கில இலக்கண வகுப்பில் இப்படி ஒரு வாக்கியத்தை இன்னொன்றாக மாற்றி எழுதாமல் நம்மில் யாரும் பள்ளியை விட்டு வெளியே வந்திருக்க முடியாது. மாற்றியதற்கு மார்க் உண்டு. ஏன் மாற்ற வேண்டும், எப்போது மாற்றக் கூடாது என்று கேட்டதற்கு மார்க் கிடையாது. ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் அதற்கும் ஒன்றிரண்டு வரி விளக்கம் இருக்கத்தான் செய்கிறது. வகுப்பு அந்த வரிகளைத் தாண்டிப் பயிற்சிக்குப் போய்விடும். அந்த இருவரில் ரென், பம்பாயில் கல்வித் துறையில் உத்தியோகம் பார்த்தவர்; ‘போ ஜெஸ்ட்’ (1924) என்ற சாகச நாவலை எழுதிப் பெயர் வாங்கியவர். ஒரு காரியத்தைச் செய்தவன் யார் என்பதை எந்த இடத்தில் சொல்வது, எந்த இடம் வரை மறைத்துவைப்பது என்பது அந்த மாதிரி நாவலாசிரியனின் பிழைப்பு. அவர் பெயர் தாங்கிய புத்தகத்தைப் படித்த நமக்கு அது வெறும் சொல் மாற்றும் கணக்காகவே வந்து சேர்ந்தது.

இந்தப் பயிற்சிகளில் இன்னொரு விசேஷம் உண்டு. செய்தவன் எப்போதும் வாக்கியத்தின் வாலில் ‘ஆல்’ போட்டுக்கொண்டு நிற்பான். ராமனால், பூனையால், தோட்டக்காரனால். புழக்கத்தில் இருக்கும் ஆங்கிலம் அப்படியில்லை. ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் இந்த வாலே கிடையாது என்று டேனிஷ் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1924இலேயே, ‘இலக்கணத்தின் தத்துவம்’ என்ற நூலில், சொல்லிவிட்டார். ஆக, அபூர்வமான உருவத்தை நாம் வகுப்பில் படித்தோம்; சகஜமான உருவத்தை வெளியே வந்து சந்தித்தோம்.

நான் அதைச் சந்தித்த இடம் பாங்க். பி.ஏ.யில் மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்தேன். மில்டனின் வாக்கியங்களில் லத்தீன் சாயல் இருப்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரியும். ஆனால் செயப்பாட்டு வினை எதற்காக ஏற்பட்டது என்பதைக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. கட்டணம் பிடித்தம் செய்யப்பட்டது. வாடிக்கையாளருக்குப் போகும் கடிதம் எதிலும் மனிதர்கள் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், பாங்குக்கு உள்ளே நிலைமை நேர் எதிர். ஒரு பதிவைப் போடுபவர் ஒருவர். சரிபார்த்து அனுமதிப்பவர் இன்னொருவர். இருவருடைய எண்ணும் அந்தப் பதிவோடு கம்ப்யூட்டரில் நிற்கும். பத்து ரூபாய் வித்தியாசம் வந்தாலும் யார் விரல் பட்டது என்று கேட்டு அரை மணி நேரத்தில் ஆளைப் பிடித்துவிடலாம். உள்ளே எல்லா வினைக்கும் எழுவாய் உண்டு. வாசற்படியைத் தாண்டியதும் எழுவாய் உதிர்ந்துவிடுகிறது.

ஒரு நாள் கவுண்டருக்கு ஒரு பாட்டி வந்தாள். கையில் நகைக் கடன் அறிவிப்பு. ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் அதன் தமிழ்.

‘என்ன தம்பி எழுதியிருக்கு?’

‘பணம் கட்டலேன்னா நகை ஏலம் விடப்படும்னு போட்டிருக்கு பாட்டி.’

‘ஆரு விடுவா?’

‘பாங்குதான்.’

‘பாங்குன்னா? நீயா? உள்ளே இருக்காரே, அவரா?’

தமிழ்ப் பக்கத்தில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஏலம் தெரியும். விடுவது தெரியும். அவளுக்கு வேண்டியிருந்தது, யாரிடம் போய்ப் பேசுவது என்பது. அதைத்தான் வாக்கியம் தராமல் இருந்தது. அறிவிப்பை அனுப்பச் சொன்னவர், நகையை மதிப்பிட்டவர், ஏலத்தை நடத்துபவர், அவகாசம் கொடுக்கக்கூடியவர் என்று நாலு பேரைப் பிரித்துச் சொன்னேன். நாலாவது ஆள்தான் வேண்டும் என்று அவளே தீர்மானித்து, மானேஜர் அறைக்குள் போய், வட்டியில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு அவகாசம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். எழுவாயைக் கண்டுபிடிப்பது இலக்கணப் பயிற்சி மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை.

இதை வைத்து, ஆங்கிலம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற மொழி என்று சொல்லிவிடுவது சுலபம், தவறும்கூட. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினைக்கு நியாயமான ஒரு வேலை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த மொழி எதை இழந்தது என்று பார்க்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போல வேற்றுமை உருபுகள் உண்டு. யெஸ்பெர்சன் காட்டும் ஓர் உதாரணம் தமிழனுக்கு உடனே விளங்கும்: ‘அரசனுக்குப் பேரிக்காய்கள் பிடித்தன’ என்ற அமைப்பில் அன்று சொன்னார்கள். அரசன் நான்காம் வேற்றுமையில், எழுவாய் பேரிக்காய்கள். பிறகு சில நூற்றாண்டுகளில் உருபுகள் தேய்ந்து உதிர்ந்தன. உருபு போனதும், யார் எழுவாய் என்று காட்டும் பொறுப்பு இடத்தின் தலையில் விழுந்தது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள். முன்னால் நின்ற காரணத்தாலேயே அரசன் எழுவாயாகி, இன்று அவன் பேரிக்காய்களை விரும்புகிறான். காய்கள் வினைக்குப் பின்னால் போய்விட்டன.

இப்படி இடத்துக்கு அடிமைப்பட்ட மொழியில் செயப்படுபொருளை முன்னே கொண்டுவந்து பேச வேண்டுமானால் என்ன செய்வது? ஒரு கவிதையைப் பற்றி ஒரு பத்தி பேசிக்கொண்டே வந்திருக்கிறோம்; அடுத்த வாக்கியமும் கவிதையில் தொடங்கினால்தான் பேச்சின் இழை அறாது. ஆனால் கவிதையை முன்னே வைத்தால் அது எழுவாயாகிவிடும். அதற்கு ஏற்றபடி வினையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இதுதான் நியாயமான முதல் வேலை. இரண்டாவது வேலை, செய்தவனைச் சொல்லாமல் விட்டுவிட இடம் தருவது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே உருவத்தில் பிணைந்து கிடக்கின்றன. அதனால் நல்ல ஆங்கில உரைநடைக்காரன் முதல் வேலைக்காக அதை எடுக்கும்போது இரண்டாவது ஒட்டிக்கொண்டு வந்தாலும் அவனைக் குறை சொல்ல முடியாது.

தமிழுக்கு முதல் வேலை தேவையே இல்லை. நம்மிடம் ‘ஐ’ இருக்கிறது. ‘இந்தக் கவிதையை மூன்று பேர் மொழிபெயர்த்திருக்கிறார்கள்’ என்று சாதாரணமாகச் சொல்லலாம். கவிதை முன்னால் வந்துவிட்டது, செய்தவர்களும் இருக்கிறார்கள், வினை திரும்பவில்லை. ‘இந்தக் கவிதை மூன்று பேரால் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது’ என்று எழுதுவதில் கிடைக்கிற லாபம் ஏதுமில்லை, ‘ஆல்’ என்ற வாலை அறுத்துவிடலாம் என்பதைத் தவிர. ஆக, ஆங்கிலத்திலிருந்து இந்த வாக்கிய அமைப்பை வாங்குகிறபோது நாம் வாங்குவது அதன் இரண்டாவது பாதியை மட்டும்தான். தேவைப்பட்டதை விட்டுவிட்டு வசதிப்பட்டதை இறக்குமதி செய்துகொண்டோம்.

படு என்ற துணைவினையே வெள்ளைக்காரன் கொடுத்தது என்று இங்கே ஒரு கட்சி கிளம்பக்கூடும். அது சரியல்ல. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘எனப்படுப’ வந்துவிடுகிறது. ஆனால் அங்கே அது செய்கிற காரியத்தைக் கவனிக்க வேண்டும். எழுத்து என்ற பெயரால் வழங்குபவை எவை என்று சொல்கிறார். பெயரிட்டவர்கள் மொழி பேசுகிற எல்லோரும். ஒருவரைப் பிரித்துக் காட்ட அவசியமில்லை. அவை எத்தனை என்று கணக்குச் சொல்லும்போது, அதே நூற்பாவில், ‘என்ப’ என்கிறார். என்று சொல்லுவார்கள். பெயர் சொல்லாவிட்டாலும் அது மனிதர்கள் சொன்னது என்பதை வினையின் விகுதி காட்டிக்கொடுக்கிறது, உயர்திணைப் பன்மை. இன்று நாம் எழுதுகிற ‘கருதப்படுகிறது’வில் அந்த விகுதியின் இடத்தில் ‘அது’ உட்கார்ந்திருக்கிறது. கருதியவன் உட்கார வேண்டிய ஆசனத்தில் கருதப்பட்ட பொருள்.

நம் மொழி குழந்தை என்றும் நான் சொல்லவில்லை. தப்பித்துக்கொள்ளத் தமிழுக்குச் சொந்தமாகவே ஒரு கதவு உண்டு, தன்வினை. டம்ளரை உடைத்த பையன் ‘ஒடஞ்சு போச்சு’ என்பான். உடைத்தது–உடைந்தது, கலைத்தது–கலைந்தது, தொலைத்தது–தொலைந்தது என்று ஜோடி ஜோடியாக அகராதியே இதற்கு உதவி செய்கிறது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில், 1987 ஜனவரியில், ரீகன் அமெரிக்கக் காங்கிரஸில் நின்று தவறுகள் செய்யப்பட்டன என்கிற தோரணையில் பேசினார். நம் ஊர்க்காரர் யாராவது பேசியிருந்தால் செயப்பாட்டு வினைகூட வேண்டியிருந்திருக்காது. தவறு நேர்ந்துவிட்டது என்று முடித்திருப்பார். ஆனாலும் ‘உடைந்துபோச்சு’ என்பவன் முகத்தைப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும். ‘உடைக்கப்பட்டது’ காகிதத்தில் வருவது. அதற்கு முகம் கிடையாது.

என் கவலை காகிதத்தைப் பற்றி. அதிலும் பாங்க் காகிதத்தைப் பற்றி அல்ல. அது அப்படித்தான் இருக்கும். நம் விமர்சனக் கட்டுரைகளைப் பற்றி. ‘இந்த நாவல் ஒரு மைல்கல்லாகக் கருதப்படுகிறது.’ ‘இவரது கவிதைகளில் படிமம் குறைவு என்ற விமர்சனம் முன்வைக்கப்படுகிறது.’ ‘நவீனத்துவம் முடிந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது.’ யார் கருதினார்? எங்கே முன்வைத்தார்? இருநூறு முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகையில், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு வட்டத்தில், இந்த மாதிரி வாக்கியங்கள் பல சமயம் இரண்டு அர்த்தங்களில் ஒன்றைத்தான் தரும். ஒன்று, நான் அப்படி நினைக்கிறேன், சொல்லப் பயம். இன்னொன்று, இன்னார் அப்படிச் சொன்னார், பெயரை எழுதப் பயம்.

க.நா.சு.வின் பட்டியல்கள் மேல் எத்தனையோ பேருக்குக் கோபம் இருந்தது. காரணம் சொல்லாமல் தீர்ப்புச் சொல்கிறார் என்றார்கள். ரசனை போதாது, அலசிக் காட்ட வேண்டும் என்று 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய செல்லப்பா வேறு வழியில் போனார். அவர்கள் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு தமிழ் விமர்சனம் வெகு காலம் பேச முடிந்தது. காரணம், பட்டியல் யாருடையது, அலசல் யாருடையது என்பதில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. ‘கருதப்படுகிறது’வோடு அப்படிச் சண்டை போட முடியாது. சண்டைக்குக் கூப்பிட அங்கே ஆள் இல்லை. என் தலைமுறையில் விமர்சனச் சண்டைகள் குறைந்து வம்புகள் பெருகியதற்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம். இந்த வாக்கிய அமைப்பையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விமர்சனம் ‘நான் நான்’ என்று கத்துவதா, சுயத்தை ஒடுக்கிக்கொள்வதுதானே நவீன விமர்சனம், எலியட் சொல்லவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எலியட்டின் அந்தக் கட்டுரை 1919இல் வந்தது. அப்போது அவர் லண்டனில் லாய்ட்ஸ் பாங்கில் வேலை செய்துகொண்டிருந்தார். 1917இலிருந்து 1925 வரை அங்கே இருந்தார் என்பது என் போன்றவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். கவிஞன் தன் ஆளுமையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று அதில் வாதிக்கிறார். வாதிக்கும்போது ‘நான்’ போட்டுத்தான் எழுதுகிறார். கவிதையில் சுயத்தை அழிப்பது ஒன்று; தீர்ப்பில் கையெழுத்தை அழிப்பது வேறு. பாங்கில் வேலை பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

விதி போடவும் எனக்கு விருப்பமில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல், அரசியலையும் ஆங்கிலத்தையும் பற்றிய பிரசித்தமான கட்டுரையில், செய்வினையால் சொல்லக்கூடிய இடத்தில் செயப்பாட்டு வினை வேண்டாம் என்று விதி போட்டார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு செயப்பாட்டு வினை இருக்கிறது. பொதுவாக அப்படி எண்ணப்படுகிறது என்ற நம் பழைய நண்பன்தான். ஆர்வெலை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கே விதியால் ஆகவில்லை என்றால், விதியை விடக் கேள்வி பிரயோஜனப்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி பாட்டி கேட்டதுதான்: ஆரு? ஒரு கட்டுரையில் ‘படுகிறது’ வரும்போதெல்லாம் பென்சிலால் ஓரத்தில் அதை எழுதிப் பார்க்கலாம். எல்லோரும் என்று பதில் வந்தால் வாக்கியம் அப்படியே இருக்கட்டும். தொல்காப்பியர் துணை இருக்கிறது. இன்னார் என்று வந்தால் பெயரை எழுத வேண்டும். நான் என்று வந்தால் அதற்கும் தமிழில் ஒரு நல்ல உருவம் இருக்கிறது, அதே படு வினையில்: ‘எனக்குப் படுகிறது.’ ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக இருந்த மீதிங்க்ஸ் பழைய நாடகங்களோடு போய்விட்டது. நம்மிடம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. தீர்ப்பைக் கடவுள் வாக்காக ஆக்காமல், அதே சமயம் அநாதையாகவும் விடாமல், ஒரு மனிதனுக்கு நேர்ந்த அனுபவமாக அது சொல்கிறது. ‘கருதப்படுகிறது’வுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு சொல், அந்த ‘எனக்கு’. அதை எழுதினால் மறுநாள் யாராவது வீட்டுக்கு வந்து சண்டை போடலாம். போடட்டும்.